கிராபீன்–மக்னடைட்டு நுண்ணலை உறிஞ்சி: அறிகுறியிலிருந்து பிழைக்குச் செல்லும் வழி

கிராபீனும் (ஓரணுத் தடிப்புள்ள கரித்தாள்) மக்னடைட்டும் (காந்த இரும்பு ஒட்சைட்டு) சேர்ந்த உறிஞ்சிப் பொடி தயாராகி, அதைப் பரபின் மெழுகில் கலந்து வளையமாக வார்த்து, 2 முதல் 18 கிகாஹேர்ட்ஸ் வரை அளந்தும் முடித்த பின்னர், தெறிப்பிழப்பு வளைகோடு, அதாவது உறிஞ்சியிலிருந்து எவ்வளவு அலை திரும்புகிறது என்று காட்டும் கோடு, −10 டெசிபெல் கோட்டை எங்குமே தொடாமல் மேலேயே ஓடுவதைக் கண்டு சோர்ந்த அனுபவம் இத்துறையில் உள்ள எல்லோருக்கும் இருக்கும். −10 டெசிபெல் என்றால், உலோகத் தகட்டின் மீது வைத்த உறிஞ்சி தன்மேல் விழுந்த ஆற்றலில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பவில்லை என்று பொருள். −20 என்றால் 99 சதவீதம். அந்தக் கோட்டைத் தொடாதபோது நாம் உடனே செய்வது, கிராபீனின் பங்கைக் கூட்டியோ குறைத்தோ அடுத்த தொகுதிப் பொடியைத் தயாரிக்கத் தொடங்குவதுதான். கொழும்பில் இந்தப் பொருட்களோடு கழித்த ஆண்டுகளில் நானும் பலமுறை அப்படிச் செய்து வாரக்கணக்கில் நேரத்தை இழந்திருக்கிறேன்.

பிழை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: அளவீட்டில், வளையத்தில், அல்லது பொடியில். அளவீட்டைச் சோதிக்க அரை மணி நேரமும், வளையத்தைச் சோதிக்க அரை நாளும், பொடியைத் திருத்த ஒரு வாரமும் தேவைப்படுகின்றன. ஆகவே நாம் வேலை செய்த வரிசைக்கு எதிர்த்திசையில், அளவீட்டிலிருந்து பொடியை நோக்கித் தேட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழுள்ள அறிகுறிகளும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே உள்ளன.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வெக்டர் நெட்வேர்க் அனலைசரில் (மாதிரியில் பட்டுத் திரும்பும் அலையையும் ஊடுசெல்லும் அலையையும் அளக்கும் கருவி) அளவுத்திருத்தம் செய்த கையோடு, உங்கள் மாதிரியை வைப்பதற்கு முன்னர் ஒரு டெஃப்லோன் வளையத்தை அளந்து பாருங்கள். பொருள் மின்புலத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை மின் அனுமதித்திறனும், காந்தப்புலத்துக்கு எப்படி என்பதைக் காந்த ஊடுபுகவிடுதிறனும் சொல்கின்றன; இரண்டிலும் மெய்ப்பகுதி தேக்கும் ஆற்றலையும் கற்பனைப்பகுதி இழக்கும் ஆற்றலையும் குறிக்கும். டெஃப்லோனின் அனுமதித்திறனின் மெய்ப்பகுதி 2.0 இற்கும் 2.1 இற்கும் இடையிலும், கற்பனைப்பகுதி பூச்சியத்தை ஒட்டியும், ஊடுபுகவிடுதிறன் 1 ஆகவும் வர வேண்டும். அடுத்ததாக, எதுவும் கலக்காத வெறும் மெழுகு வளையத்தை அளந்தால் ஏறத்தாழ 2.25 வர வேண்டும். டெஃப்லோன் சரியாக வந்து மெழுகு பிழையாக வந்தால் வார்ப்பில் குறை. டெஃப்லோனே பிழையாக வந்தால் அளவுத்திருத்தத்தையோ, கேபிளையோ, இணைப்பின் இறுக்கத்தையோ பார்க்க வேண்டும். வளிச்சீராக்கியை மதியத்தில் நிறுத்தி மீண்டும் போடும் அறையில் கேபிளில் அலையின் அவத்தை (கட்டம்) மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே அறை வெப்பநிலை நிலைபெற்று ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே அளவுத்திருத்தம் செய்வதும், ஒவ்வொரு ஐந்தாறு மாதிரிக்கும் இடையே டெஃப்லோனை மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்ப்பதும் நல்லது.

அறிகுறி: எஸ்-11 உம் எஸ்-22 உம் ஒன்றாக இல்லை

எஸ்-11, எஸ்-22 என்பவை மாதிரியின் இரு பக்கங்களிலும் அளக்கும் தெறிப்புகள். சீரான கலவையில் செய்த வளையத்தை உசாத்தளங்களுக்கு (அளவீடு தொடங்கும், முடியும் தளங்கள்) நடுவே சரியாக வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து அலையை அனுப்பினாலும் தெறிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் முதலில் வளையத்தைத் திருப்பி வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். திருப்பியபோது வேறுபாடும் பக்கம் மாறினால், பிழை வளையத்துக்குள் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது அனலைசரிடமிருந்து அன்று. மூன்று நாட்களாக எண்களோடு போராடிக்கொண்டிருந்த என்னிடம், ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து வளையத்தை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “தங்கச்சி, ரெண்டு முகமும் ஒரே நிறமோ எண்டு ஒருக்கா பாருங்கோ” என்றார். ஒரு முகம் கன்னங்கரேலென்றும் மற்றது சாம்பல் பூத்தும் இருந்தது. சவர அலகால் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, அடியில் அரை மில்லிமீற்றர் தடிப்பில் கரிய படையும், அதன் மேல் படிப்படியாக வெளிறிச் செல்லும் மெழுகும் தெளிவாகத் தெரிந்தன. மக்னடைட்டின் அடர்த்தி நீரைப்போல் 5.2 மடங்கு, மெழுகின் அடர்த்தியோ நீரை விடக் குறைவு. உருகிய மெழுகை அச்சில் ஊற்றி அறையின் சூட்டில் ஆற விட்டால், கட்டிகளாக இருக்கும் துகள்கள் அடியை நோக்கி இறங்குவதற்குப் போதிய நேரம் கிடைத்துவிடும்.

இதைத் தவிர்க்க, பொடியையும் மெழுகையும் ஹெக்சேனில் கரைத்துக் கலக்கி, கரைப்பானைப் புகைப்போக்கிப் பெட்டிக்குள் கிளறியபடியே ஆவியாக்கி, எஞ்சும் கலவையை உருக்காமல் அச்சில் வைத்து அழுத்தி வளையமாக்குங்கள். உருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கலவை கூழாகத் தடிக்கும் வரை கிளறிவிட்டு, முன்கூட்டியே குளிர்வித்த அச்சில் இடுங்கள். 2 மி.மீ. தடிப்புள்ள வளையமொன்றின் மொத்த எடையே 100 மில்லிகிராமுக்குக் குறைவு. எனவே ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியே நிறுக்காமல், ஒரு கிராம் கலவையை ஒன்றாகச் செய்து அதிலிருந்து நான்கைந்து வளையங்கள் எடுத்தால் நிறுவைப் பிழையும் மறையும்.

அறிகுறி: ஒரே பொடி, ஒரே விகிதம், ஆனால் வளையத்துக்கு வளையம் எண் மாறுகிறது

இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றிடைவெளியை. 7 மி.மீ. ஓரச்சுக் குழாயில் (நடுவே உட்கடத்தியும் சுற்றி வெளிக்கடத்தியும் உள்ள மாதிரிதாங்கி) வளையத்தின் வெளிவிட்டம் 7.00 மி.மீ., உள்விட்டம் 3.04 மி.மீ. மின்புலம் மிகச் செறிந்திருப்பது உட்கடத்தியை ஒட்டிய பகுதியில் என்பதால், வெளிப்பக்க இடைவெளியை விட உட்பக்க இடைவெளியே பெரும் தீங்கு செய்கிறது. மெய்யான அனுமதித்திறன் 9 ஆக உள்ள வளையத்துக்கும் உட்கடத்திக்கும் இடையே சுற்றிலும் வெறும் 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால், கருவி காட்டும் மதிப்பு ஏறத்தாழ 6.9 ஆகிவிடும். மெய்யான மதிப்பு 20 ஆக இருந்தால் 11.5 தான் தெரியும். அதாவது நல்ல கடத்துதிறன் உள்ள மாதிரியையே இந்தப் பிழை கூடுதலாகத் தண்டிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு “கிராபீன் போதவில்லை” என்று முடிவு செய்தால் அடுத்த தொகுதி முழுவதும் பிழையான திசையில் போய்விடும்.

வளையம் குழாய்க்குள் தன் எடையால் விழுந்தால் அது தளர்வானது. விரலால் மெல்ல அழுத்தித் தள்ளும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். அளவீட்டுக் கருவி வேறோரிடத்தில் இருப்பதால் மாதிரிகளைப் பேருந்தில் கொண்டு செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நண்பகல் வெயிலில் கொழும்பின் காலி வீதி நெரிசலில் நிற்கும் வண்டிக்குள் மெழுகு உருகாவிட்டாலும் இளகும். இளகிய வளையம் பையின் அழுத்தத்தில் நீள்வட்டமாகிவிடும். வளையங்களை அச்சோடோ, இறுக்கமான சிறு குப்பிகளில் பஞ்சு வைத்தோ எடுத்துச் சென்று, அளப்பதற்கு முன்னர் விட்டங்களை நுண்மானியால் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: ஊடுபுகவிடுதிறனின் கற்பனைப்பகுதி மறை (எதிர்) மதிப்பாகிறது, அல்லது ஒரு மீடிறனில் கூரிய முள் எழுகிறது

மீடிறன், அதாவது அதிர்வெண், ஏற ஏற வளையத்துக்குள் அலைநீளம் குறுகி, ஓரிடத்தில் வளையத்தின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும். அந்த இடத்தில் தெறிப்பு ஏறக்குறைய மறைந்துபோவதால், 1970 இலும் 1974 இலும் வெளியான, அளந்த அலைகளிலிருந்து அனுமதித்திறனையும் ஊடுபுகவிடுதிறனையும் பெறும் நிக்கல்சன்–றொஸ்–வெயர் கணிப்பு முறை தள்ளாடத் தொடங்கும். அனுமதித்திறன் 9 ஆன மாதிரியில் 3.3 மி.மீ. நீள வளையத்துக்கு இது 15 கிகாஹேர்ட்ஸில் நிகழும். அதே மாதிரியை 2 மி.மீ. நீளத்தில் செய்தால் 25 கிகாஹேர்ட்ஸுக்கு, அதாவது அளவீட்டு எல்லைக்கு வெளியே, போய்விடும். ஆகவே இரு வேறு நீளங்களில் வளையம் செய்து அளந்து பாருங்கள். நீளத்தோடு முள்ளும் இடம் பெயர்ந்தால் அது கணிப்பின் விளைவு; இடம் பெயராமல் நின்றால் மட்டுமே அது பொருளின் பரிவாக (ஒத்ததிர்வாக) இருக்கக்கூடும். மறை மதிப்பைப் பார்த்ததும் காந்த ஆற்றல் வெளியேறுகிறது என்று விளக்கம் எழுதுவதை நான் ஏற்பதில்லை. வளையத்தின் இடத்தைச் சில பத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழையாகக் கொடுத்தாலும் மின் இழப்பின் ஒரு பகுதி காந்தக் கணக்கில் போய் விழுந்து அதே மறை மதிப்பு வரும்.

அறிகுறி: வளைகோடு முழுவதும் ஆழமின்றிக் கிடக்கிறது

அளவீடும் வளையமும் சரியென்று உறுதியான பின்னரே இந்தக் கேள்விக்கு வர வேண்டும். நேர் எதிரான இரு குறைகள் ஒரே மாதிரியான ஆழமற்ற வளைகோட்டைத் தரும் என்பதே இதில் உள்ள சிக்கல். அலை உள்ளே நுழையவே இல்லை என்பது ஒன்று. நுழைந்தும் ஆற்றலை இழக்காமல் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிட்டது என்பது மற்றது. தெறிப்பிழப்பு வரைபை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. அனுமதித்திறன் வரைபைத் திறந்து பார்க்க வேண்டும்.

10 கிகாஹேர்ட்ஸில் மெய்ப்பகுதி 30, 40 என்று நின்று, கற்பனைப்பகுதியும் அதற்கு நிகராக உயர்ந்திருந்தால், கிராபீன் தாள்கள் ஒன்றையொன்று தொட்டு மெழுகுக்குள் கடத்தும் வலையை அமைத்துவிட்டன என்று பொருள். வெற்று வெளி அலைக்குக் காட்டும் தடங்கல் (மின்மறுப்பு) 377 ஓம். அனுமதித்திறன் 40 ஆன பொருளின் தடங்கல் ஏறத்தாழ 60 ஓம் மட்டுமே. இந்த இடைவெளியால் வந்த ஆற்றலில் பாதிக்கு மேல் முன்முகத்திலேயே திரும்பிவிடும். அதுவே 9 ஆக இருந்தால் முன்முகத்தில் திரும்புவது 25 சதவீதம்; தடிப்பு கால் அலைநீளமாக இருக்கும்போது, அந்தக் கால் பங்கை உலோகத்திலிருந்து திரும்பும் அலை எதிர் அவத்தையில் வந்து அழித்துவிடும். மாறாக, மெய்ப்பகுதி 3, 4 என்றும் கற்பனைப்பகுதி 0.5 இற்குக் கீழும் இருந்தால், மாதிரி நுண்ணலைக்குக் கண்ணாடியைப் போல் தெளிவாக இருக்கிறது; இழப்பைக் கூட்ட வேண்டும்.

இரண்டு நிலையிலும் பொடியைத் தொடாமல் மெழுகு விகிதத்தை மட்டும் மாற்றி, ஒரே தொகுதியிலிருந்து நிறைப்படி 10, 20, 30, 40 சதவீதத்தில் நான்கு கலவைகள் செய்து அளப்பதே முதற் பரிகாரம். எந்த விகிதமும் பொருந்தாதபோதுதான் பொடிக்குத் திரும்பி, கடத்துதிறன் கூடியிருந்தால் தாழ்த்தும் நேரத்தை, அதாவது கிராபீன் ஒட்சைட்டிலிருந்து ஒட்சிசனை நீக்கும் நேரத்தை, குறைக்கவும், குறைவாக இருந்தால் கூட்டவும் வேண்டும்.

மக்னடைட்டின் பங்கைக் கூட்டினால் காந்த இழப்பு பெருகி எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பலரை வழிதவறச் செய்கிறது. 1948 இல் பௌதிகவியலாளர் ஸ்னூக் காட்டிய எல்லைப்படி, ஃபெரைட்டுகளின் (மக்னடைட்டு போன்ற இரும்பு ஒட்சைட்டுக் காந்தப் பொருட்கள்) தொடக்க ஊடுபுகவிடுதிறனும் பரிவு மீடிறனும் ஒருங்கே உயர முடியாது. கோள வடிவ மக்னடைட்டுத் துகள்களை மெழுகில் கலந்தால் 10 கிகாஹேர்ட்ஸுக்கு அப்பால் ஊடுபுகவிடுதிறன் பெரும்பாலும் 1 ஐ ஒட்டியே நிற்கும். அந்த மீடிறன்களில் மக்னடைட்டு செய்யும் பெரிய உதவி, தாள்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைப்பதும், மிகையான கடத்துதிறனைக் குறைப்பதும், இடைமுகங்களில் மின்னேற்றம் தேங்கி இழப்புண்டாக இடம் தருவதுமே என்று நான் கருதுகிறேன். உண்மையான காந்த இழப்பைத் தேடுபவர்கள் 2 முதல் 6 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சென்ற மாதம் 10 கிகாஹேர்ட்ஸில் இருந்த தெறிப்பிழப்புப் பள்ளம் இப்போது கீழே இறங்கிவிட்டது

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் உயர்ந்தே இருக்கிறது. அரைகுறையாகத் தாழ்த்திய கிராபீன் ஒட்சைட்டு நீரை விரும்பும் பொருள். நுண்ணலைப் பகுதியில் நீரின் அனுமதித்திறன் மிக உயர்வானது என்பதால், பொடி உறிஞ்சும் சிறிதளவு நீரே மாதிரியின் மதிப்பை ஏற்றிவிடும். 2.38 மி.மீ. தடிப்பில் அனுமதித்திறன் 9, ஊடுபுகவிடுதிறன் 1.1 என்றால் கால் அலைநீளப் பள்ளம் 10 கிகாஹேர்ட்ஸில் விழும். அனுமதித்திறன் 12 ஆக ஏறினால் அதே தடிப்பில் பள்ளம் 8.7 இற்கு இறங்கும். மெழுகில் கலப்பதற்கு முன்னர் பொடியை வெற்றிடத்தில் 60 பாகை செல்சியஸில் இரவு முழுவதும் உலர்த்தி, நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துப் பாருங்கள். பிறகு நீல நிறம் மாறாத சிலிக்கா ஜெல்லோடு மூடிய கலனில் வைத்து, திறக்கும் நேரத்தைச் சுருக்குங்கள். ஒக்ரோபர், நவம்பர் மாத மழையில் சிலிக்கா ஜெல் எத்தனை விரைவாக இளஞ்சிவப்பாகிறது என்பதைப் பார்த்தாலே, திறந்து வைத்த பொடிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது விளங்கும்.

உறைநிலையில் உலர்த்திய பொடியாயின் மின்வெட்டையும் கணக்கிலெடுக்க வேண்டும். இடையில் மின் நின்று பனி உருகினால், பஞ்சு போலிருந்த தாள்கள் நீரின் இழுவிசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மினுங்கும் தகடாகிவிடும். 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் எனக்கு இரண்டு தொகுதிகள் இப்படிப் போயின. அந்தத் தகடுகளை எத்தனை நேரம் அரைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அவற்றை அளப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அறிகுறி: பொடி கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கிறது

மக்னடைட்டுக்குப் பெரிக்கு அயனும் (மூன்று மின்னேற்றமுள்ள இரும்பு) பெரசு அயனும் (இரண்டு மின்னேற்றமுள்ள இரும்பு) 2:1 என்ற விகிதத்தில் வேண்டும். ஒரு கிராம் மக்னடைட்டுக்கு நீரேற்றிய பெரிக்குக் குளோரைட்டு 2.34 கிராமும், நீரேற்றிய பெரசுக் குளோரைட்டு 0.86 கிராமும் என்பது கணக்கு. ஆனால் அடிக்கடி திறக்கும் பெரசுக் குளோரைட்டுப் போத்தலுக்குள் ஈரமும் ஒட்சிசனும் புகுந்து, வெளிர்பச்சைப் பளிங்குகளின் மேல் மஞ்சட்பழுப்பு ஓடு படர்ந்திருந்தால், நிறுத்த 0.86 கிராமில் ஒரு பகுதி ஏற்கெனவே பெரிக்காகிவிட்டது. அந்தப் போத்தலைக் கைவிடுங்கள். நீரைக் கொதிக்க வைத்து நைதரசன் ஓட்டத்தில் ஆற்றி, அமோனியாவை முழுமையாகச் சேர்த்து பி.எச். 10 ஐ எட்டச் செய்தால் கரைசல் நொடிப்பொழுதில் மையைப்போல் கறுக்க வேண்டும். செம்மஞ்சட் குழம்பாக நின்றால் காரம் போதவில்லை, அல்லது பெரசு போதவில்லை.

தொடக்கத்தில் கறுப்பாக இருந்து உலர்த்திய பின் பழுத்தால், காற்றோட்டமுள்ள அடுப்பில் சூடு கூடியதால் அது இன்னொரு இரும்பு ஒட்சைட்டான மக்ஹெமைட்டாக மாறியிருக்கும். காந்தத்தைக் காட்டி இதைக் கண்டறிய முடியாது, ஏனெனில் மக்ஹெமைட்டும் காந்தத்தில் பாய்ந்து ஒட்டும். பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர்) வரைபிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 35.5 பாகையருகே, முதன்மை உச்சியைக் காட்டும்; 33.2 பாகையில் தனி உச்சி தெரிந்தால் அது ஹெமடைட்டு என்ற மேலும் ஒட்சியேறிய வடிவம். லேசரைப் பாய்ச்சி எடுக்கும் ராமன் நிறமாலையில் சென்ரிமீற்றருக்கு 225, 290, 410 என்ற அலையெண்களில் ஹெமடைட்டு உச்சிகள் வந்தால் உடனே பொடியைக் குறை சொல்ல வேண்டாம். லேசரின் சூடே மக்னடைட்டை அந்த இடத்தில் ஹெமடைட்டாக்கிவிடும். லேசர் வலுவைப் பத்திலொன்றாகக் குறைத்து, புதிய இடமொன்றில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: துகள்களும் தாள்களும் சேரவில்லை

இரும்பு உப்பைச் சேர்த்த கணமே கிராபீன் ஒட்சைட்டு திரிந்த பால்போல் கட்டியானால், பெரிக்கு அயனின் மூன்று மின்னேற்றம் தாள்களைத் திடீரெனப் பிணைத்துவிட்டது. ஒட்சைட்டை மில்லிலீற்றருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை நீர்த்து, இரும்புக் கரைசலைத் துளித்துளியாகச் சேருங்கள். காந்தக் கலக்கியை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. வேலை முடிந்து கலக்கற்கோலை எடுத்தால் அதன் இரு முனைகளிலும் வண்டல்போல் கறுப்புத் தொப்பி ஒட்டியிருக்கும். நீங்கள் நிறுத்துப் போட்ட மக்னடைட்டின் கணிசமான பங்கு அதுதான், தாள்களின் மேல் இருக்க வேண்டியது. மேலிருந்து மோட்டாரில் சுழலும் கண்ணாடி அல்லது டெஃப்லோன் துடுப்பே பொருத்தம். மக்னடைட்டு சேர்ந்த பின்னர் அமிலத்தால் கழுவுவதும் கூடாது. துகள்கள் கரைந்து நீர் மஞ்சளாகும்.

அறிகுறி: எக்ஸ்.ஆர்.டி. வரைபில் 26.5 பாகையில் காரீய (கிராபைட்டு) உச்சி எஞ்சியிருக்கிறது

கிராபீன் ஒட்சைட்டுக்கு மூலப்பொருளான, இலங்கையின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களின் நரம்புக் காரீயம் மிகத் தூய்மையானது, மிக நன்றாகப் பளிங்கானது. அதனாலேயே ஒட்சியேற்றும் கலவை பெரிய செதில்களின் உள்ளே எளிதில் புகுவதில்லை. 75 மைக்ரோமீற்றர் அரிதட்டில் சலித்து எடுத்து, ஒட்சியேற்றும் நேரத்தை நீட்டுங்கள். சரியான ஒட்சைட்டு 10, 11 பாகையருகே உச்சி தரும். வேகப்படுத்துவதற்காகச் சூட்டைக் கூட்ட வேண்டாம். செறிந்த சல்பூரிக் அமிலத்தில் பெர்மாங்கனேற்று உண்டாக்கும் மாங்கனீசு ஏழொட்சைட்டு 55 பாகைக்கு மேல் வெடிக்கக்கூடியது. சேர்க்கும் வேளையில் பனிக்கட்டித் தொட்டியை விட்டு அகலாதீர்கள்.

அறிகுறி: கணிப்பில் −60 டெசிபெல், தகட்டில் −12

வளையத்தில் அளந்த எண்களைக் கொண்டு கணித்த ஆழம், உண்மையில் வார்த்த தகட்டில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் பிழையன்று, எதிர்பார்ப்பின் தவறு. −60 டெசிபெல் என்பது ஆற்றலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே திரும்புகிறது என்பதாகும். தடிப்பை நூறில் ஒரு மில்லிமீற்றர்ப் படிகளில் மாற்றிக் கணித்தால் எந்தச் சுமாரான மாதிரியிலும் அப்படியொரு ஊசிப்பள்ளம் எங்கேனும் கிடைத்துவிடும். 2.38 மி.மீ. தகட்டில் 0.1 மி.மீ. வேறுபாடே பள்ளத்தை ஏறத்தாழ 0.4 கிகாஹேர்ட்ஸ் நகர்த்திவிடும். ஆழத்தை விட, −10 டெசிபெலுக்குக் கீழ் எத்தனை கிகாஹேர்ட்ஸ் அகலம் கிடைக்கிறது என்பதைக் கொண்டே மாதிரிகளை ஒப்பிடுங்கள்.

தகடு செய்யும்போது மெழுகுக்குப் பதிலாக எபொக்சி வருகிறது என்பதும் மறக்கப்படுகிறது. மெழுகின் 2.25 இற்குப் பதில் எபொக்சியின் அனுமதித்திறன் ஏறத்தாழ 3. பொடி அதில் பரவும் விதமும் வேறு. எனவே முதலில் எபொக்சியிலேயே வளையம் செய்து அளந்து, அந்த எண்களைக் கொண்டு தடிப்பைக் கணித்து, தகட்டை வார்த்த பின் ஒன்பது இடங்களில் நுண்மானியால் தடிப்பைப் பார்த்து, வேறுபாடு 0.05 மி.மீ. இற்கு மேல் இருந்தால் தேய்த்துச் சமப்படுத்திய பிறகே அளவீட்டுக்கு அனுப்புங்கள்.